பைப் ஒழுகுது: எந்தப் பைப்?

திருகோணமலையில் "பைப் ஒழுகுது" என்று ஒருவர் சொன்னால் பாதி விசயம்தான் சொல்லியிருக்கிறார். முற்றத்து மதிலோரம் வாளி வைக்கிற இடத்தில் இருக்கும் பித்தளைச் சாமானும் பைப், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் பிவிசியும் பைப், கத்தரிக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் விடுகிற றப்பர் ஹோஸும் பல வாய்களில் பைப்தான். ஹாட்வெயார் கடையில் நடக்கும் பேச்சைக் கேட்டால் தெரியும்.

"தம்பி, வெளிப் பைப் ஒழுகுது, அதுக்கு ஒரு சாமான் வேணும்."

"பைப்பா அண்ணை, பைப்புக்குப் பூட்டுறதா?"

இதில் "பூட்டுறது" வேறு. நம்மூரில் பிள்ளையிடம் "பைப்பைப் பூட்டு" என்றால் தண்ணீரை நிறுத்து என்று பொருள், வேலைக்கு வந்தவரிடம் அதையே சொன்னால் புதிதாகப் பொருத்து என்று பொருள். இத்தனை குழப்பத்திலும் வேலை நடக்கிறது, அது வேறு கதை.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? இலத்தீனில் பிப்பாரே என்று ஒரு வினை, குஞ்சுகள் கீச்சிடுவதைக் குறிப்பது. ஓசையைக் கேட்டு வைத்த பெயர். அதிலிருந்து ஊதுகுழலுக்குப் பெயர் வந்தது, ஊதுகுழல் உள்ளே கோறையாக நீளமாக இருப்பதால் அந்த வடிவத்தில் உள்ள எதற்கும் அதே பெயர் போனது. அப்படித்தான் தண்ணீர் போகிற குழலும் பைப் ஆனது. தமிழும் தன்பாட்டில் இதே வழியில்தான் நடந்திருக்கிறது. "குழலினிது யாழினிது" என்ற குறளில் குழல் வாசிக்கிற சாமான். பிட்டு அவிக்கிற குழலில் அது வெறும் வடிவம். குழாய் அதே வேரில் வந்த சொல். பள்ளிக்கூட ஆய்கூடத்தில் திரவம் உறிஞ்சி எடுக்கிற பிப்பெற்றுக்கு நாம் படித்த பெயர் குழாயி. பிப்பெற் என்றால் பிரெஞ்சில் சின்னப் பைப், ஆகவே அந்தப் பெயரை ஆக்கியவர் வேரைப் பார்த்துத்தான் ஆக்கியிருக்கிறார்.

இந்தச் சொல்லை நாம் இரண்டு தடவை கடன் வாங்கியிருக்கிறோம் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த இடம். பீப்பாய் என்கிறோமே, அது போர்த்துக்கேயரின் பிப்பா, மரப் பீப்பாய்க்கு அவர்கள் சொல்லும் பெயர், அதுவும் அந்தக் கீச்சிடும் குடும்பம்தான். போர்த்துக்கேயர் 1624இல் நம்மூர்ச் சுவாமிமலையில் கோட்டை கட்டினார்கள், 1639இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது, 1795இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். முதலில் வந்தவர்களின் மொழியிலிருந்து பீப்பாய், கடைசியில் வந்தவர்களின் மொழியிலிருந்து பைப், இரண்டும் ஒரு தாய் பிள்ளைகள்.

நடுவில் வந்த ஒல்லாந்தரும் சும்மா போகவில்லை. சிங்களத்தில் தண்ணீர்ப் பைப்பைக் கராமய என்பார்கள், அது ஒல்லாந்த மொழியின் கிரான். அந்தக் கிரானுக்கு நீளக்கால் நாரை வகைப் பறவை என்றும் பொருள் உண்டு. ஆங்கிலத்திலோ இதே சாமானுக்குச் சேவலின் பெயர். கடையில் ஸ்டொப் கொக், பிப் கொக் என்று கேட்கிறோமே, அந்தக் கொக் சேவல்தான். நம் காதுக்கு அது கொக்கு என்று விழுகிறது, தற்செயலாக ஒல்லாந்தரின் பறவைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. தமிழ் கிரானை எடுக்கவில்லை, ஆனால் பைப் வேலை செய்பவரைப் பாஸ் என்று கூப்பிடுகிறோம், அந்தப் பாஸ் ஒல்லாந்தச் சொல்.

தண்ணீரைத் திறந்து பூட்டுகிற சாமானை டப் என்றும் சிலர் சொல்வார்கள். பழைய ஆங்கிலத்தில் அது பீப்பாயின் ஓட்டையில் அடித்து இறுக்கும் முளைக்குப் பெயர். முளையை எடுத்தால் ஊற்றும், அடித்தால் நிற்கும். இன்றைக்குப் பித்தளைக்குள் தண்டு, புரி, நட்டு என்று என்னென்னவோ வந்துவிட்டாலும் உள்ளே நடக்கிற காரியம் அதேதான்: ஒரு ஓட்டை, அதை அடைக்க ஒன்று. அடைப்பது இப்போது முளை இல்லை, வாசர்.

நல்ல தமிழில் என்ன சொல்வது? திருகுபிடி என்று ஒரு சொல் இருக்கிறது, எனக்கு அது ஒட்டவில்லை. திருகுகிற பிடி என்றுதான் படிக்கும்போது விளங்குகிறது, "திருகுபிடி பழுது" என்று எழுதி ஒட்டினால் கைபிடி கழன்றுவிட்டது என்று நினைப்பார்கள். அத்தோடு இப்போது வருகிற பல பைப்புகள் திருகுவதே இல்லை, கைபிடியைக் காற்சுற்று, அதாவது கால்வாசி, தட்டினால் திறக்கும். குழாய் என்பதே போதும். அதுவும் டப்பையும் பைப்பையும் ஒன்றாகத்தான் குறிக்கிறது, குழாயடி என்றால் தண்ணீர் பிடிக்கிற இடம் என்று தமிழ்நாட்டில் விளங்கும், நாம் கிணற்றடியைப் பார்த்துப் பைப்படி என்று ஆக்கிக்கொண்டோம். குழப்பம் தீர வழி புதுப் பெயர் தேடுவதில் இல்லை, குழாயின் உறுப்பைச் சொல்வதில் இருக்கிறது. வாய், கழுத்து, மூட்டு. இந்த மூன்றில் எது என்று சொல்லிவிட்டால் பாஸுக்குப் பாதி வேலை முடிந்தது. வினைச்சொல்லும் நமக்குத் தோதாக இருக்கிறது: வாய் சொட்டும், கழுத்து கசியும், மூட்டு பீறும். எல்லாவற்றுக்கும் "ஒழுகுது" என்பது சோம்பல்.

வாய் சொட்டுவதுதான் அதிகம். பூட்டின பிறகும் நொடிக்கு ஒரு சொட்டு விழுகிறது என்று வையுங்கள், ஒரு சொட்டு கால் மில்லிலீற்றர் என்றாலே ஒரு நாளில் 20 லீற்றருக்கு மேல் போய்விடும், கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிற தண்ணீர். இதற்குக் காரணம் அநேகமாக உள்ளே இருக்கும் வாசர். வாசருக்கு ஆங்கிலத்தில் கழுவுவதோடு தொடர்பு இருக்கிறதா என்பதே அகராதிக்காரருக்குத் தெளிவில்லை, தமிழில் அடைவளையம் என்றால் வேலையும் வடிவமும் இரண்டும் வந்துவிடும். மீற்றருக்குப் பக்கத்து ஸ்டொப் கொக்கைப் பூட்டுங்கள். முற்றத்துக் குழாய் மேல் தாங்கியிலிருந்து வருகிறது என்றால் தாங்கியின் வால்வைப் பூட்ட வேண்டும், மீற்றரைப் பூட்டிவிட்டு ஏன் நிற்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. பிறகு குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விடுங்கள், திறந்தபடியே விடுங்கள், அப்போதுதான் கழற்றும்போது உள்ளே நசியாது. குழாயின் உடம்பை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, ஆறு பக்கத் தலையை அஜஸ்டபிள் ஸ்பானரால் இடப்பக்கம் திருப்பினால் தண்டோடு கழன்று வரும்.

பழைய வாசரைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும், அது கீழே இருக்கும் பித்தளை விளிம்பு அழுத்தின தடம். றப்பர் விறைத்துப்போய் நகம் ஊன்றினால் இறங்காது, ஓரத்தில் வெடிப்பு. நிற்கவில்லை நிற்கவில்லை என்று இன்னும் இறுக்கிப் பூட்டுகிறவர்கள் வீட்டில் இந்தப் பள்ளம் இன்னும் ஆழமாக இருக்கும், இறுக்க இறுக்க விளிம்பு றப்பரை வெட்டும். அதே அளவில் புதிதாக ஒன்று போட்டால் முடிந்தது, பழையதைக் கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்லது, அரை இஞ்சி என்று வாயால் சொன்னால் கொஞ்சம் பெரிதாகவோ சிறிதாகவோ தந்துவிடுவார்கள். ஆனால் போடுவதற்கு முன் விரலை உள்ளே விட்டு அந்த விளிம்பைத் தடவிப் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கிணற்று நீரை மோட்டாரால் ஏற்றுகிற வீடுகளில் பொடி மணல் வந்து விளிம்பில் உட்காரும், துடைத்தால் போகும். துடைத்தும் சொரசொரப்பாக, குழி விழுந்ததாகப் பட்டால் எத்தனை வாசர் போட்டாலும் சொட்டும், குழாயையே மாற்றுங்கள். காற்சுற்றுக் குழாயில் இந்த வாசர் கிடையாது, உள்ளே அநேகமாக உருண்டை, சொட்டத் தொடங்கினால் பெரும்பாலும் முழுசாக மாற்றுவதுதான் வழி.

கழுத்து கசிவதைக் கண்டுபிடிக்க லேசான சோதனை: பூட்டியிருக்கும்போது காய்ந்திருக்கும், திறந்ததும் கைபிடிக்குக் கீழே தண்டைச் சுற்றி நீர் கட்டும். ஹோஸ் மாட்டி அதன் நுனியை அடைத்தால் இன்னும் கூடும், தண்ணீர் போக வழியில்லாமல் மேலே தள்ளுவதால். தண்டைச் சுற்றியுள்ள சின்ன நட்டை அரைக்கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். அதற்கு அடங்காவிட்டால் உள்ளே தண்டைச் சுற்றி நீரை அடைக்கும் பக்கிங் அல்லது ஓ ரிங் தேய்ந்திருக்கும், மாற்ற வேண்டும். கடற்கரையோர வீடுகளில் அந்த நட்டு பச்சைக் களிம்பு பிடித்து அசையாமல் நிற்கும், பலவந்தம் பண்ணாமல் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊற விடுங்கள், பித்தளை வெடித்தால் செலவு வேறு.

மூட்டு என்றால் குழாய் சுவரில் போய்ச் சேருகிற இடம். இது பூட்டினாலும் திறந்தாலும் பீறும். கழற்றி, பழைய டேப்பைச் சுத்தமாக உரித்துவிட்டு, புரி உங்களைப் பார்த்தபடி இருக்கப் பிடித்து வலம் சுற்றாகத் திரெட் சீல் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். இடம் சுற்றினால் இறுக்கும்போது டேப் உருண்டு வெளியே வந்துவிடும். டேப் வருமுன் சணல் சுற்றிப் பூச்சு வைத்தார்கள், இரும்புக் குழாயில் அது இன்றைக்கும் நிற்கும். பிவிசிப் புரியில் மட்டும் பலம் காட்ட வேண்டாம், வெடிக்கும். கம் போட்டு ஒட்டின மூட்டு பீறினால் மேலே இன்னும் கம் பூசுவது வீண், வெட்டி எடுத்துவிட்டுப் புது மூட்டுத்தான்.

மூன்று இடமும் காய்ந்திருக்கிறது, பில் மட்டும் ஏறுகிறது என்றால் எல்லாக் குழாயையும் பூட்டிவிட்டு மீற்றரைப் பாருங்கள். உள்ளே அந்தச் சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தால் நிலத்துக்குள் எங்கேயோ போகிறது. மீற்றருக்கு முன்னால், வீதிப் பக்கம் பீறினால் அது உங்கள் வேலையே இல்லை, ஸ்பானரை எடுக்காமல் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் 1939க்கு அழையுங்கள். அங்கேயும் "பைப் ஒழுகுது" என்று மட்டும் சொன்னால் எந்தப் பைப் என்றுதான் முதலில் கேட்பார்கள், "மீற்றருக்கு முன் மூட்டில் பீறுது" என்று சொல்லுங்கள்.