பாப் குழுவில் ஆள் மாறினால் பெயர் யாருக்கு?

பதினாறு, பதினேழு வயதில் பாப் குழு தொடங்குகிறவர்கள் பாட்டு, நடனம், உடை எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள். ஒருவர் விலகினால் என்ன செய்வது என்பதை மட்டும் பேசமாட்டார்கள். முதல் பாட்டு வெளிவருமுன்பே அதைப் பேசி எழுதிவிட வேண்டும். புகழ் வந்தபின் அந்தப் பேச்சு வழக்கறிஞர்கள் வழியாகத்தான் நடக்கும்.

லண்டனில் 1998-ல் உருவான ஷுகாபேப்ஸ் குழுவிலிருந்து ஷிவோன் டோனகி 2001-லும் முட்யா புயெனா 2005-லும் விலகினார்கள். 2009-ல் கீஷா புக்கானனும் வெளியேற, தொடங்கிய மூவரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. குழு அதே பெயரில் தொடர்ந்தது. 2012-ல் அந்த மூவரும் மறுபடி சேர்ந்தபோது தங்கள் சொந்தப் பெயர்களையே வரிசையாக வைத்துக்கொண்டு பாடினார்கள். பழைய பெயர் அவர்களிடம் திரும்ப 2019 ஆயிற்று.

ஆகவே பெயரை வர்த்தக முத்திரையாகப் பதியுங்கள். பொருள், சேவைகளை எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரித்துத்தான் பதிவார்கள்: மேடை நிகழ்ச்சிக்கு 41-ஆம் வகுப்பு, ஒலிப்பதிவுக்கு 9, டி-ஷர்ட் விற்பதானால் 25. 41-ஐ மட்டும் பதிந்துவிட்டு நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. உரிமையாளர் என்ற இடத்தில் மேனேஜர் பெயரோ, உறுப்பினர் ஒருவரின் பெயரோ வரக்கூடாது. எல்லோருக்கும் பங்குள்ள நிறுவனத்தின் பெயர் வரட்டும். யூடியூப் கணக்கின் ஓ.டி.பி. யாருடைய ஃபோனுக்கு வருகிறது என்றும் பாருங்கள். சண்டை வந்த அன்று அந்த ஃபோன் வைத்திருப்பவர்தான் முதலாளி.

குழுவை நடத்தும் நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்தின் காலம் அடுத்தது. கொரியாவின் டி.வி.எக்ஸ்.கியூ. குழுவில் மூவர் 13 ஆண்டு ஒப்பந்தத்தை எதிர்த்து 2009-ல் நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டு அங்கே வந்த மாதிரி ஒப்பந்தம் 7 ஆண்டை உச்சவரம்பாக்கியது. எண்ணிக்கை கையெழுத்திட்ட நாளிலிருந்தா, முதல் பாட்டு வெளியான நாளிலிருந்தா என்று கேளுங்கள். பயிற்சிக் காலம் கணக்கில் வராமல் போவது இந்த இடத்தில்தான். பதினெட்டு நிரம்பாதவருக்குப் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது, அந்த நிறுவனத்தைச் சாராத தனி வழக்கறிஞரும் படித்துப் பார்க்க வேண்டும்.

பாட்டு வரி யார் எழுதியது, மெட்டு யார் போட்டது, யாருக்கு எத்தனை சதவீதம் என்பதைப் பாட்டு முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதி, கூட்டுத்தொகை 100 வருகிறதா என்று பார்த்து எல்லோரும் கையெழுத்திடுங்கள். விலகியவரின் பங்கு பழைய பாட்டில் அப்படியே நிற்கும். புதிதாக வருபவருக்கு மேடைச் சம்பளம் உண்டு. எழுதாத பாட்டில் எழுத்துப் பங்கு கிடையாது.

ஒவ்வொரு குரலையும் தனித்தனி ஃபைலாகச் சேமித்து வையுங்கள். இல்லாவிட்டால் விலகியவரின் ஹார்மனி, அதாவது துணைக்குரல், பின்னணி டிராக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்: புதியவரின் குரலை அந்த இடத்தில் வைக்க வேண்டி வந்தால், பழைய குரலை மட்டும் தனியே எடுப்பது கடினம்.