சொந்தக்காரர் கடையானாலும் வேலை அனுமதி வேண்டும்

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி முதலான இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களில் சபுர் போகிற (வெளிநாடு செல்கிற) வேலை விளம்பரத்தைப் பார்த்துக் கிடைப்பது குறைவு. பினாங்கில் உணவகம் நடத்தும் மாமாவோ சிங்கப்பூரில் கடை வைத்திருக்கும் சாச்சாவோ (சிற்றப்பாவோ), ஆள் தேவைப்படும்போது ஊருக்குச் சொல்லியனுப்பி, தங்கை மகனையோ தெருக்காரப் பையனையோ அழைத்துக்கொள்வது இங்கே தலைமுறை வழக்கம். இதில் ஒரு நன்மை உண்டு. சம்பளத்தை இழுத்தடித்தால் ஊர் வந்து தலைகாட்ட முடியாது என்ற கூச்சம் முதலாளிக்கு இருக்கும். ஒரு கேடும் உண்டு. நம் கடைதானே, விசிட் விசாவில் வந்து இறங்கட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரு தரப்பும் எண்ணிவிடுகின்றன. ஆனால் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ, வேலை அனுமதிச் சட்டத்தில் தாய்மாமனுக்கென்று தனி விதி எழுதப்படவில்லை.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிட வேண்டும். வேலை அனுமதி என்பது தொழிலாளி விலை கொடுத்து வாங்கும் பொருளன்று. இன்னாரை, இன்ன வேலைக்கு, இன்ன சம்பளத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று முதலாளி தன் நாட்டு அரசிடம் விண்ணப்பித்துப் பெறும் ஒப்புதல். அதனால்தான் அனுமதி ஒரு முதலாளியோடும் ஒரு வேலையோடும் கட்டப்பட்டிருக்கிறது. அதனால்தான் அதற்கான கட்டணங்களைப் பெரும்பாலும் முதலாளியின் தலையிலேயே சட்டம் சுமத்துகிறது. 'விசாவுக்கு இவ்வளவு லட்சம்' என்று ஒருவர் கேட்கும்போது, அந்தத் தொகையில் எது அரசுக் கட்டணம், அதை யார் கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது என்ற கேள்வியை உறவினரிடமும் தயங்காமல் கேட்கலாம்.

சிங்கப்பூரின் விதிகளைச் சற்று விரிவாகப் பார்ப்போம், ஏனெனில் தவறான நம்பிக்கைகள் அங்குதான் அதிகம். அந்நாட்டின் மனிதவள அமைச்சு வெளிநாட்டினருக்கு வொர்க் பெர்மிட் (அடிநிலைத் தொழிலாளருக்கு), எஸ் பாஸ் (நடுத்தரத் திறனுடையோருக்கு), எம்ப்ளாய்மென்ட் பாஸ் (உயர்பதவியினருக்கு) என்று மூன்று முதன்மையான அனுமதிகளை வழங்குகிறது. கட்டுமானத் துறையிலும் கப்பல் பட்டறையிலும் இந்தியர்கள் வொர்க் பெர்மிட்டில் சேர நெடுங்காலமாக வழி இருந்துவருகிறது. ஆனால் உணவகம் போன்ற சேவைத் துறை வேலைகளுக்கு இந்தியர்களை வொர்க் பெர்மிட்டில் எடுக்க முடியாது என்பதே பொது விதியாக இருந்தது. 2023 செப்டம்பர் 1 முதல் இதற்கு ஒரு விலக்குப் பட்டியல் நடைமுறைக்கு வந்து, இந்திய உணவகங்களின் சமையல்காரர்கள் அதில் இடம்பெற்றார்கள். 2025 செப்டம்பரில் மற்ற உணவகங்களின் சமையல்காரர்களுக்கும் கனரக வாகன ஓட்டுநர்களுக்கும் அந்தப் பட்டியல் விரிவடைந்தது. இப்படி எடுக்கப்படுபவருக்கு மாதம் குறைந்தது 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நிலையான சம்பளம் தர வேண்டும். இவ்வகைத் தொழிலாளர்கள் நிறுவனத்தின் மொத்தப் பணியாளர்களில் 8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் எட்டுப் பேர் என்பது இதன் பொருள். ஐந்தாறு பேர் வேலை செய்யும் சின்னக் கடையில் இந்தக் கணக்குக்குள் ஒருவர்கூட அடங்கமாட்டார் என்பதை, ஊரில் காத்திருப்பவரும் தெரிந்துகொள்வது நல்லது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், பட்டியலில் இருப்பவர் சமையல்காரர். பரிமாறுபவரும் கல்லாவில் உட்காருபவரும் அதில் இல்லை. அந்த வேலைகளுக்கு இந்தியர் ஒருவரை எடுக்க வேண்டுமானால் எஸ் பாஸ் பெற வேண்டும். அதற்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025 செப்டம்பர் முதல் 3,300 வெள்ளி, வயது கூடக்கூட அத்தொகையும் கூடும். சமையல்காரர் என்று எழுதி அழைத்துச் சென்று கல்லாவில் நிற்கவைத்தால், அது அனுமதியின் நிபந்தனையை மீறிய செயல். செல்லுபடியாகும் அனுமதியே இல்லாமல் ஆளை வைத்திருக்கும் முதலாளிக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வேலை செய்தவருக்கும் தண்டனை உண்டு.

மலேசியர் அல்லாத வொர்க் பெர்மிட் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் முதலாளி 5,000 வெள்ளிக்குப் பிணைப் பத்திரம் தர வேண்டும், மாதந்தோறும் லெவி (வெளிநாட்டு ஆளை வைப்பதற்கு அரசு விதிக்கும் வரி) கட்ட வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். பிணைத்தொகையையும் லெவியையும் தொழிலாளியிடமிருந்து பிடிப்பது குற்றம். வேலை கொடுத்ததற்காகவோ வேலையைத் தொடரவிட்டதற்காகவோ முதலாளி கையூட்டு வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதமும் ஈராண்டு வரை சிறையும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற முகவர் தொழிலாளியிடம் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் மட்டுமே கட்டணமாகப் பெறலாம். ஊரில் இருக்கும் இடைத்தரகர் வாங்கும் பணத்தை இந்த வரம்பு கட்டுப்படுத்தாது.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் வருவது ஐபிஏ எனப்படும் முன்னொப்புதல் கடிதம். அதில் வேலை, அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் எழுதப்பட்டிருக்கும்; தொழிலாளி ஊரிலிருந்து புறப்படும் முன்பே அவருக்குப் புரியும் மொழியில் அதை அனுப்பிவைப்பது முதலாளியின் கடமை. தொலைபேசியில் சொன்ன சம்பளமும் ஐபிஏயில் எழுதிய சம்பளமும் வேறுபட்டால், எழுதியதுதான் நிற்கும். கட்டுமான வேலைக்குத் தமிழ்நாட்டுப் பயிற்சி மையங்களில் தேர்வு எழுதி, 'டெஸ்ட் அடிச்சாச்சு' என்று சொல்லும் இளைஞர்கள், அந்தச் சான்றிதழ் திறனுக்கான அத்தாட்சியே தவிர வேலை அனுமதி அன்று என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

மலேசியாவில் 1955 ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு 2023 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் 60கே பிரிவின்படி, வெளிநாட்டுத் தொழிலாளியை எடுக்கத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநரின் முன் ஒப்புதல் தேவை. அதன் பிறகே விசாவும், தற்காலிக வேலைக்கான பிஎல்கேஎஸ் அனுமதியும், அங்கு சேர்ந்தபின் ஃபோமேமா மருத்துவப் பரிசோதனையும் வரும். தீபகற்ப மலேசியாவில் சேவைத் துறைக்கான ஆண்டு லெவி 1,850 ரிங்கிட். 2018 முதல் இதை முதலாளியே ஏற்க வேண்டும், சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கிவரச் சலுகை கிடைத்தபின், 'போய் இறங்கிக்கொள்' என்ற பேச்சு இன்னும் எளிதாகிவிட்டது. அந்தச் சலுகை சுற்றுலா போன்ற குறுகிய வருகைக்குத்தான், வேலை செய்வதற்கு அன்று. அனுமதியில்லாதவரை வேலைக்கு வைத்திருந்தால் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம் என்பதால், சிக்கினால் கடையே ஆட்டம் கண்டுவிடும்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆளெடுக்கும் செலவை நேரடியாகவோ மறைமுகமாகவோ தொழிலாளியிடம் வாங்குவதை 2021 ஆம் ஆண்டின் 33 ஆம் எண் தொழிலாளர் சட்டம் தடைசெய்கிறது. அங்கே வேலைக்கான அழைப்புக் கடிதத்தைத் தமிழிலும் பெறலாம். விசிட் விசாவில் வந்தவரை வேலைக்கு வைக்கும் நிறுவனத்துக்கு 2024 முதல் ஒரு லட்சம் திர்ஹம் தொடங்கிப் பத்து லட்சம் வரை அபராதம்.

இனி நம் பக்கத்து விதிகள். இந்தக் கரையில் ஈசிஆர் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலைதான் முதலில் நினைவுக்கு வரும். பாஸ்போர்ட்டில் உள்ள ஈசிஆர் வேறு; வேலைக்கு வெளிநாடு செல்லுமுன் அரசின் குடிபெயர்வு அனுமதி தேவை என்பதற்கான குறிப்பு அது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக இக்குறிப்பு இருக்கும். அவர்கள் மலேசியா, தாய்லாந்து, சவூதி அரேபியா, குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமன், அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983 ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். விண்ணப்பம் வெளியுறவு அமைச்சகத்தின் 'இமைகிரேட்' இணையதளம் வழியாகவே நடைபெறுகிறது. முகவர் இல்லாமல் மாமாவே நேரடியாக அழைப்பதானால், அவர் வெளிநாட்டு முதலாளியாக அந்தத் தளத்தில் பதிவுசெய்து, ஒப்பந்தத்துக்கு அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பம் பெற வேண்டும். அலைச்சல்தான். ஆனால் ஏதேனும் தகராறு வந்தால் தூதரகம் எடுத்துப் பார்க்கக்கூடிய காகிதம் அது ஒன்றே.

குடிபெயர்வு அனுமதியோடு சேர்த்து எடுக்க வேண்டிய பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு, விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய் தருகிறது. இரண்டு ஆண்டுக்குச் சந்தா 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 35,400. முகவரின் பதிவு எண் உண்மையானதா என்று அதே இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பதிவில்லாமல் ஆளனுப்புபவருக்கு 1983 சட்டம் விதிப்பது ஈராண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும். அந்த அபராதத்தைக் கண்டு இன்று எந்தத் தரகர் அஞ்சுவார் என்பது தெரியவில்லை.

பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு இந்தக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்பதைப் பலர் பெருமையாகவே சொல்கிறார்கள். விலக்கு கிடைக்கிறது என்பதன் மறுபக்கம், அவருடைய ஒப்பந்தத்தைப் புறப்படும் முன் அரசு அலுவலர் எவரும் படித்துப் பார்க்கப்போவதில்லை என்பது. அந்த 18 நாடுகளின் பட்டியலில் இல்லாத நாடுகளுக்கும் இதே நிலைதான். சிங்கப்பூரும் ஈரானும் அதில் இல்லை. சிங்கப்பூரில் ஐபிஏ போன்ற ஏற்பாடு ஓரளவு காக்கிறது. ஈரானில் மீன்பிடி வேலைக்குச் சென்றவர்களுக்கு அந்தக் காப்பும் இல்லை; 2020 இல் கொரோனாவால் அங்கே சிக்கிய தமிழக மீனவர்களை மீட்க, பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்கு ஐஎன்எஸ் ஜலஷ்வா கப்பல் சென்று தூத்துக்குடிக்கு அழைத்துவர வேண்டியதாயிற்று. படகு வேலைக்குப் போகிறவர்கள், கூலி மாதச் சம்பளமா பிடிபாட்டில் பங்கா, கடலுக்குப் போகாத நாளுக்கு என்ன கிடைக்கும், திரும்பிவரும் பயணச்சீட்டு யாருடையது என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

உறவோ முகவரோ கைகொடுக்காத நிலையில், தமிழ்நாடு அரசு 1978 இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாகவும் ஆட்கள் எடுக்கப்படுகிறார்கள். வெளிநாட்டில் சம்பளமோ பாஸ்போர்ட்டோ முதலாளியிடம் சிக்கிக்கொண்டால், வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் குடும்பத்தார் ஊரிலிருந்தே புகார் பதியலாம். பிரவாசி பாரதிய உதவி மையத்தின் கட்டணமில்லா எண் 1800 11 3090. அந்தப் புகாருக்குப் பாஸ்போர்ட் எண்ணும் முதலாளியின் முகவரியும் தேவைப்படும். ஆகவே பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், ஐபிஏ அல்லது அழைப்புக் கடிதம், பணம் கொடுத்த ரசீது ஆகியவற்றின் நகலில் ஒன்றை, விமானம் ஏறுவதற்கு முன் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டும்.