காதுக்கு எட்டாத யானைப் பேச்சு

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கும் படங்களோடு கூடிய கஜ சாஸ்திரம் என்ற யானை நூலைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த திருவாரூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "யானைகள் நமக்குக் கேட்காத குரலில் பேசிக்கொள்ளுமாமே, நிஜமா?"

நிஜம்தான். பிளிறல் யானையின் பேச்சில் ஒரு பகுதி மட்டுமே. 1984-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் விலங்குக்காட்சிசாலையில் ஆசிய யானைகளுக்கு அருகே இருந்த ஆய்வாளர் கேட்டி பெயின், காற்றில் ஏதோ அதிர்வதை உணர்ந்தார். அங்கே எடுத்த ஒலிப்பதிவை, சுருதி ஏறும்படி வேகமாக ஓட்டிக் கேட்டதும் குரல்கள் வெளிப்பட்டன. அதிர்வெண் 14 முதல் 24 ஹெர்ட்ஸ். நம் காதின் கீழ் எல்லை சுமார் 20 என்பது பள்ளியில் படித்ததுதான். அந்தக் குரல் எழும்போது, தும்பிக்கை தொடங்கும் நெற்றிப் பகுதியில் தோல் படபடப்பதையும் அவர் கவனித்தார்.

சரி, இவ்வளவு தாழ்ந்த குரல் தொண்டையில் எப்படி உண்டாகிறது? பூனையின் குர்குர் சத்தத்துக்குச் சொல்லப்பட்ட விளக்கத்தையே யானைக்கும் சிலர் சொன்னார்கள்: ஒவ்வொரு அதிர்வுக்கும் மூளை தனித்தனியே கட்டளை அனுப்ப, தசை சுருங்கி விரிகிறது. இல்லை, நமக்கு நடப்பதுபோல நுரையீரல் காற்றே குரல்நாண்களை ஆட்டுகிறது என்றார்கள் மற்றவர்கள். எது சரி என்று உயிருள்ள யானையிடம் எப்படிச் சோதிப்பது?

பெர்லினில் இயற்கையாக இறந்த ஒரு யானையின் குரல்வளை, வியன்னாவில் குரல் ஆய்வாளர் கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்ட் குழுவினருக்குக் கிடைத்தது. அதை ஆய்வகத்தில் பொருத்திக் கீழிருந்து காற்றை ஊதினார்கள். மூளையே இல்லாத இடத்தில் கட்டளை ஏது? ஆனாலும் நாண்கள் அதிர்ந்தன, அதே தாழ்ந்த ஒலி எழுந்தது. 2012-ல் வெளியான இந்த ஆய்வை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. இவ்வளவு எளிமையாக ஒரு வழக்கைத் தீர்த்துவைத்த சோதனைகள் குறைவு.

நடப்பது இதுதான். கீழே சேரும் காற்றழுத்தம் நாண்களைத் தள்ளித் திறக்கிறது. காற்று பாய்ந்ததும் அழுத்தம் இறங்கும். சதையின் மீள்தன்மை நாண்களை இழுத்து மூடும். உடனே கீழே மறுபடி அழுத்தம் சேரும். நாதஸ்வரக்காரர் சீவாளியை ஒவ்வொரு அதிர்வுக்கும் திறந்து மூடுவதில்லை. அவர் மூச்சு கொடுக்கிறார், மீதியைச் சீவாளியே பார்த்துக்கொள்கிறது. நாண் நீண்டு கனத்தால் ஒவ்வொரு சுற்றும் மெதுவாகும். யானையின் நாண் சுமார் 10 செ.மீ.; நம்முடையது சுமார் 2 செ.மீ.தான்.

இந்த ஒலியின் அலைநீளம் 20 மீட்டர் அளவு என்பதால் மரம், புதர் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு போய்விடும். நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவில் 2 கி.மீ. தள்ளி ஒலிபரப்பிய குரலுக்கும் யானைகள் செவிசாய்த்தன.

தென்கொரியாவில் கோஷிக் என்ற ஆசிய யானை, தும்பிக்கையை வாய்க்குள் விட்டுக் கொரியச் சொற்கள் ஐந்தைச் சொல்லும். இளவயதில் பல ஆண்டுகள் அது வேறு யானையே இல்லாமல் மனிதர்களோடு வளர்ந்தது. உறவுக்காகவே நம் மொழியைப் பிடித்துக்கொண்டது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

டெல்டாவிலும் பல கோயில்களில் ஒற்றை யானைதான் நிற்கிறது. தாழ்ந்த அதிர்வெண்ணைப் பிடிக்கும் ஒலிவாங்கி ஒன்றும் ஒரு கணினியும் போதும், அந்த யானை இரவில் யாரையாவது கூப்பிடுகிறதா என்று பதிவு செய்துவிடலாம். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்குள்ள மாணவர்களுக்கு அரசு இதற்கென்று பணம் ஒதுக்க வேண்டும்.