கண்ணீரை நம்பி எழுதிய அறிக்கை

"நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க டாக்டரம்மா, அவன் மனசு தங்கம்." வழக்கில் மாட்டிய மகனை அழைத்து வரும் அம்மாக்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள். நான் டாக்டர் இல்லை, உளவியலாளர், மாத்திரை எழுத மாட்டேன் என்று விளக்குவதை எப்போதோ நிறுத்திவிட்டேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் அப்படி ஒருவன் வந்தான். அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். வயது 26, அடிதடியில் இரண்டாவது வழக்கு, ஜாமீனில் இருந்தான். முதல் நாளே அழுதான். அடிபட்டவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதட்டுமா என்று அவனே கேட்டான். எட்டு வாரம் ஒரு தடவைகூடத் தவறாமல் வந்தான். 'செய்த தவறை முழுமையாக உணர்ந்துள்ளார்' என்று அறிக்கை கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து, கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரரின் கையை முறித்துவிட்டான். அவனை விட என் மேல்தான் எனக்குக் கோபம். அந்த எட்டு வாரமும் அவன் வீட்டில் எப்படி இருந்தான், யாரை மிரட்டினான் என்று ஓர் ஆளிடமும் நான் விசாரிக்கவில்லை.

இப்படி அடுத்தவர் உரிமையை மதிக்காமல், விதிகளைத் திரும்பத் திரும்ப மீறும் ஆளுமைச் சிக்கலுக்குச் சமூகவிரோத ஆளுமைக் கோளாறு என்று பெயர். அது சினிமா 'சைக்கோ' அல்ல. 15 வயதுக்கு முன்பே நடத்தைச் சிக்கல்கள் தொடங்கியிருக்க வேண்டும். 18 வயதுக்குப் பிறகுதான் அந்தப் பெயரையே சூட்டலாம். 12 நாடுகளின் சிறை ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வந்த கட்டுரை, ஆண் கைதிகளில் 47 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகச் சொன்னது. இதைக் குணப்படுத்தும் மாத்திரை கிடையாது. கூடவே இருக்கும் குடிப்பழக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் மருத்துவம் உண்டு, அதைத் தள்ளிப்போடக் கூடாது.

அப்போ பேச்சு சிகிச்சை? பேச்சு வெறும் பேச்சாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவில் ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. ஒன்டாரியோவின் ஓக் ரிட்ஜ் மருத்துவமனையில் 1960களில் குற்றம் செய்த மனநோயாளிகளை வைத்து ஒரு சோதனை தொடங்கியது. நோயாளிகளே ஒருவருக்கொருவர் சிகிச்சை தருவார்கள், நாள் கணக்கில் குழுவாக மனம் திறந்து பேசுவார்கள். எல்எஸ்டி என்ற, மாயத்தோற்றம் தரும் போதைப்பொருளைக் கொடுத்தார்கள், நிர்வாணமாக ஓர் அறையில் அடைத்தார்கள். அதைச் சித்திரவதை என்று அந்நாட்டு நீதிமன்றம் 2017இல் சொன்னது. அதற்கு வெகு முன்பே, 1992இல் வந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: இரக்கமற்ற சைக்கோபதி குணம் அதிகம் இருந்தவர்கள் வெளியே வந்தபின், சிகிச்சையே பெறாமல் சிறைக்குப் போன அதே வகை ஆட்களை விட அதிகமாக வன்முறையில் இறங்கியிருந்தார்கள். அடுத்தவர் மனதைப் படிக்கக் கற்றுக்கொண்டு, அதையே ஆயுதமாக்கிக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் ஊகம். என்னுடைய எட்டு வாரப் பையனை நினைத்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அதனால் இவர்களைத் தொடவே கூடாது என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இங்கிலாந்தின் கிரெண்டன் சிறை 1962 முதல் குழு சிகிச்சையை நம்பியே நடக்கிறது. விருப்பப்பட்டு வருபவருக்குத்தான் இடம். கைகலப்போ போதைப்பொருளோ என்றால், அவர் இருக்கலாமா என்று சக கைதிகளே வாக்களிப்பார்கள். பதினெட்டு மாதமாவது தங்கியவர்களிடம்தான் பலன் தெரிந்தது. எட்டு வாரத்தில் நான் எதை எதிர்பார்த்தேனோ!

அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1995இல் தொடங்கிய மெண்டோட்டா சிறார் சிகிச்சை மையம் எனக்கு இன்னும் பிடிக்கும். மற்ற சிறார் சிறைகள் சமாளிக்க முடியாமல் அனுப்பிய பையன்கள்தான் அங்கே. 'நீ நல்லவனா' என்று யாரும் கேட்பதில்லை. இன்று எப்படி நடந்துகொண்டாயோ, அதை வைத்துத்தான் நாளைய சலுகை. நாளை மறுபடி புதுக்கணக்கு. வழக்கமான காவலில் இருந்தவர்களோடு ஒப்பிட்டபோது, இவர்கள் வெளியே வந்து வன்முறையில் இறங்கியது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது.

இப்போது நான் மனசைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. சண்டை நடந்த நாளைக் காலையிலிருந்து எடுத்துக்கொள்வோம். எப்போது எழுந்தான், சாப்பிட்டானா, யார் போன் செய்தார்கள், முதல் குவார்ட்டர் எத்தனை மணிக்கு? அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியில் அவன் விலகியிருக்கலாம் என்று தேடுவோம். அப்புறம் அவன் சம்மதத்தோடு வீட்டில் ஒருவரிடமும், நன்னடத்தை அலுவலர் இருந்தால் அவரிடமும் மாதம் ஒருமுறை பேசுவேன். சம்மதம் தராவிட்டால் அதுவே ஒரு தகவல்.

போன வருடம் வேறொருவன், பதினான்கு மாதமாக வருபவன், பஸ்ஸில் ஒருவர் சட்டையைப் பிடித்ததும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போயிருக்கிறான். அவன் அண்ணன்தான் சொன்னார். "ஏம்பா இறங்கினே?" என்று கேட்டேன். வருத்தம், திருந்தல் எதுவும் அவன் பேசவில்லை. "இன்னொரு தடவை உள்ளே போய் உட்கார எனக்கு நேரமில்ல மேடம்" என்றான். அறிக்கையில் அதை அப்படியே எழுதினேன்.