ஒவ்வொரு மாதமும் பிரஷர் எதற்கு?

“எனக்கு ஐந்தாம் மாதம். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மாதாமாதம் லீவு போட்டுப் போய் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தால், எடை பார்க்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள், சின்ன டப்பாவைக் கொடுத்து யூரின் கேட்கிறார்கள். அப்புறம் ‘நார்மல், போய்ட்டு வாங்க’. இதற்கா இவ்வளவு பாடு?”

ஒரு வாசகி அனுப்பிய கேள்வி. எரிச்சல் நியாயமானதுதான். இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி, ஸ்கேன், சுகர் டெஸ்ட் எல்லாம் எதற்கென்று உங்களுக்கே தெரியும். அந்தப் பிரஷர் பட்டைக்குப் பின்னால்தான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கதை இருக்கிறது.

கருப்பைச் சுவருக்குள் நூறு சொச்சம் சிறு தமனிகள் ஸ்பிரிங் போலச் சுருண்டு கிடக்கின்றன. பெயரே சுருள் தமனிகள். சுவரில் தசை உண்டு, தேவைப்பட்டால் இறுக்கிக்கொள்ளும். மாதவிடாயின்போது இரத்தப்போக்கு கட்டுக்குள் இருப்பதற்கு இந்த இறுக்கமும் ஒரு காரணம். ஆனால் வளரும் குழந்தைக்கு இப்படி நினைத்தபோது மூடிக்கொள்ளும் குழாய் உதவாது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் இரத்தம் போக வேண்டும்.

அதனால் குழந்தையின் தரப்பே கொத்தனார்களை அனுப்புகிறது. நஞ்சுக்கொடியிலிருந்து ட்ரோஃபோபிளாஸ்ட் என்ற செல்கள் கிளம்பி, தாயின் கருப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு தமனிகளுக்குள் நுழைகின்றன. முதல் பத்து வாரம் போல, தமனிகளின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கும். கரு அதுவரை குறைந்த ஆக்சிஜனில், கருப்பைச் சுரப்பிகள் தரும் சத்தில் வளர்கிறது. பிறகு அடைப்பு தளர்கிறது. இதற்கிடையே இந்தச் செல்கள் இரத்த ஓட்டத்தை எதிர்த்து ஏறிப்போய், தமனியின் தசையைக் கரைத்து, அந்த இடத்தில் தாங்களே சுவராகப் படிந்துவிடுகின்றன. குறுகலான ஸ்பிரிங், அகன்ற வாயுள்ள புனலாகிவிடும்.

பம்ப்செட் தண்ணீரை நேராக நாற்றங்காலில் பாய்ச்சினால் என்ன ஆகும்? நாற்று பிய்த்துக்கொண்டு போகும். வாய்க்காலில் விட்டு, மடையை அகலமாகத் திறந்தால் தண்ணீர் தவழ்ந்து போய்ப் பரவும். நஞ்சுக்கொடியின் விரல் போன்ற கிளைகள் தாயின் இரத்தத்தில் நாற்றுகள் மாதிரி நனைந்து நிற்கின்றன. அவற்றுக்கு வேண்டியது அளவு மட்டுமல்ல, நிதானமும்.

இன்னொன்று. தசை போய்விட்டதால், தாய் பயந்தாலும் பதறினாலும் அந்தக் குழாய்கள் சுருங்குவதில்லை. தாயின் உடம்புக்குள்ளேயே தாய் சொல் கேளாத குழாய்கள்! கட்டுகிற செல்களில் பாதி மரபணு அப்பாவுடையது. அன்னியர்களை விரட்ட வேண்டிய தாயின் நோய் எதிர்ப்புச் செல்களே கூட நின்று சித்தாள் வேலை பார்க்கின்றன. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

சில கர்ப்பங்களில் இந்தக் கட்டட வேலை பாதியில் நின்றுபோகிறது. குழாய் குறுகலாகவே இருக்க, இரத்தம் பீறிட்டும் விட்டுவிட்டும் வருகிறது. திணறும் நஞ்சுக்கொடி, எஸ்-ஃபிளிட்-1 என்ற புரதத்தைத் தாயின் இரத்தத்தில் அளவுக்கு மீறிக் கலந்துவிடுகிறது. நம் இரத்தக் குழாய்களின் உள்பூச்சு ஒரு வளர்ச்சிக் காரணியை நம்பித்தான் நலமாக இருக்கிறது. இந்தப் புரதம் அதை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். குழாய்கள் இறுகி பிரஷர் ஏறும். சிறுநீரக வடிகட்டி ஒழுகி, சிறுநீரில் புரதம் வரும். முற்றினால் கல்லீரல், மூளை, வலிப்பு. இதுதான் ப்ரீஎக்ளாம்ப்சியா. உலக அளவில் நூறு கர்ப்பங்களில் இரண்டிலிருந்து எட்டு வரை இது வருகிறது.

இந்தப் புரதத்தின் கைவரிசையை 2003இல் பாஸ்டனில் அனந்த் கருமாஞ்சியின் குழு எலிகளில் காட்டியது. கர்ப்பமே இல்லாத எலிக்குக் கொடுத்தாலும் பிரஷரும் புரத ஒழுக்கும் வந்தன. அது 2003 என்பதைக் கவனியுங்கள். பிரசவம் முடிந்ததும் நஞ்சுக்கொடியை வாளியில் போடுகிறோம். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்களும் அதை ரொம்ப காலம் அப்படித்தான் நடத்தினார்கள் என்பது என் வருத்தம்.

சரி, வாசகியின் கேள்விக்கு வருவோம். கோளாறு நடப்பது முதல் நாலைந்து மாதங்களில். வெளியே தெரிவது 20 வாரத்துக்குப் பிறகு, பெரும்பாலும் கடைசி மாதங்களில். இடையில் உடம்பு ஒன்றும் சொல்லாது. பிரஷர் 140/90 என்ற எச்சரிக்கைக் கோட்டைத் தொட்டபோதும் பலருக்கு ஒன்றும் தெரியாது. போதாக்குறைக்கு, இயல்பான கர்ப்பத்திலேயே நடு மாதங்களில் பிரஷர் கொஞ்சம் இறங்கும். ஐந்தாம் மாதம் முதன்முதலாகப் போகிறவருக்கு முன்பே பிரஷர் இருந்திருந்தால், அந்த இறக்கம் அதை மறைத்துவிடும்.

அதனால்தான் 12 வாரத்துக்குள் ஒரு அளவு வேண்டும் என்கிறார்கள். “மூணு மாசம் முடியட்டும், கண்ணு படும்” என்று நர்ஸிடம்கூடச் சொல்லாமல் இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பக்கத்து வீட்டுக்குச் சொல்ல வேண்டாம், நர்ஸம்மாவுக்குச் சொல்லலாமே. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு டாக்டர் தரும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் நன்றாகக் கைகொடுக்கும். 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், குறைமாதத்தில் பிரசவம் பார்க்க வைக்கும் வகை ப்ரீஎக்ளாம்ப்சியா 62 சதவீதம் குறைந்தது. நீங்களாக வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

என் தங்கை முறை ஒருத்திக்கு வளைகாப்பு. கண்ணாடி வளையல் மணிக்கட்டைத் தாண்டவில்லை. சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தார்கள், ஒரே சிரிப்பு. “புள்ளத்தாச்சிக்கு நீர் கோக்கிறது சகஜம்தான்” என்றார் அத்தை. கால் வீக்கம் சகஜம்தான். ஆனால் ஓய்வுபெற்ற நர்ஸான சித்தி, அவள் பையிலிருந்த அட்டையை வாங்கிப் புரட்டினார். 104/66, 106/70, 110/70, கடைசியாக 132/86. தனியாகப் பார்த்தால் யாரும் பயப்படாத எண். வரிசையில் பார்த்ததும் சித்தி முகம் மாறிவிட்டது. அன்று மாலையே ஆஸ்பத்திரியில் 150/100. கண்காணிப்பில் வைத்து 36ஆம் வாரம் பிரசவம் பார்த்தார்கள். பையன் இப்போது ஒன்றாம் வகுப்பு.

வீட்டிலேயே மெஷின் வாங்கிப் பார்க்கலாமா என்றும் வாசகி கேட்டிருந்தார். தாராளமாக. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பாருங்கள். எண்களைத் தேதியோடு எழுதி, அடுத்த முறை பெஞ்சில் உட்காரப் போகும்போது எடுத்துப் போங்கள். யூரின் டப்பாவுக்கு மட்டும் விலக்கு கிடையாது.