ஓ2-வும் ஆர்டிசி1-ம் ஒரே பில்டில் சேராது

டீமில் புதிதாகச் சேருகிறவர்கள் சீக்கிரமே என்னிடம் கொண்டுவரும் சி++ கம்பைலர் பிழை ஒன்று உண்டு: டி8016, அதாவது ஒன்றோடொன்று சேராத இரண்டு ஆப்ஷன்கள் ஒரே கட்டளையில் வந்துவிட்டன. "நான் எதையும் தொடவில்லை சார், ஆப்டிமைசேஷனை மட்டும் ஓ2 ஆக்கினேன்" என்பார்கள். ஓ2 என்பது புரோகிராம் வேகமாக ஓடும்படி கோடை மாற்றியமைக்கச் சொல்லும் ஆப்ஷன். விஷுவல் ஸ்டுடியோவின் பிராப்பர்ட்டீஸ் ஜன்னலில் மேலே பார்த்தால் 'ஆல் கான்ஃபிகரேஷன்ஸ்' என்று இருக்கும். ரிலீஸுக்கு (வெளியிடும் பில்டு) நினைத்தது டிபக்குக்கும் (பிழை தேடும் பில்டு) போய்விட்டது. டிபக்கில் ஏற்கெனவே ஆர்டிசி1 என்ற ரன்டைம் சோதனை ஆப்ஷன் உட்கார்ந்திருக்கிறது. அது லோக்கல் வேரியபிள்களை ஸ்டாக்கில் வைத்து, எல்லை மீறி யாராவது எழுதினார்களா என்று காவல் காக்கும். ஓ2-வோ அந்த வேரியபிள்களை ரெஜிஸ்டருக்குத் தூக்கிப்போகும், சிலவற்றை இல்லாமலே ஆக்கிவிடும். அப்புறம் எதைக் காவல் காப்பது? டிபக்குக்கு மட்டும் 'டிசேபிள்டு' என்று திருப்பி வைத்தால் சரியாகிவிடும்.

கத்துகிற பிழை என்பதால் இது எனக்குப் பிடிக்கும். என்னைப் படுத்தியது ஜிசிசி என்ற இன்னொரு கம்பைலர். ஒரே கட்டளையில் ஓ0 (ஆப்டிமைசேஷன் வேண்டாம்), ஓ2 இரண்டும் வந்தால் கடைசியாக வந்ததை எடுத்துக்கொண்டு வாயைத் திறக்காது. செட்டிங்ஸ் திரையில் 'ஆப்டிமைசேஷன் இல்லை' என்று தெரியும். கூடுதல் ஆப்ஷன் பெட்டியில் யாரோ எப்போதோ எழுதிய ஓ2 வால் மாதிரி பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரேக்பாயின்ட் வரி மாறி நிற்கும், வேரியபிள் 'ஆப்டிமைஸ்டு அவுட்' என்று காட்டும். ஒரு முறை டிபக்கர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அதையே கழற்றி மறுபடி இன்ஸ்டால் செய்தேன்.

அதிலிருந்து டிக் பெட்டிகளை நான் நம்புவதில்லை. பில்டு லாகில் கம்பைலருக்கு உண்மையில் போன கட்டளை வரியைத்தான் முதலில் படிக்கிறேன். விஷுவல் ஸ்டுடியோவில் சி++ பகுதிக்குக் கீழே 'கமாண்ட் லைன்' பக்கத்தில் மொத்தமும் இருக்கும். தனி ஃபைலுக்கென்று வைத்த ஆப்ஷன் அங்கே வராது. அந்த ஃபைலின் பிராப்பர்ட்டீஸைத் தனியாகத் திறக்க வேண்டும். டி9025 என்ற எச்சரிக்கை வந்தால் ஓர் ஆப்ஷன் இன்னொன்றை மிதித்துவிட்டது என்று பொருள். நூறு எச்சரிக்கைகளுக்கு நடுவில் அதை யார் பார்க்கிறார்கள்!

ரன்டைம் லைப்ரரி மோதல் வேறு ரகம். உங்கள் கோடு எம்டிடி (டிபக் ரன்டைம்), வாங்கிய லைப்ரரி எம்டி (ரிலீஸ் ரன்டைம்) என்றால், விஷுவல் ஸ்டுடியோ 2010 பதிப்பிலிருந்து, துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கரே எல்என்கே2038 என்ற பிழையோடு நிறுத்திவிடுகிறது. அதற்கு முன்பெல்லாம் பில்டு ஆகி, ஒரு பக்கம் ஒதுக்கிய மெமரியை மறுபக்கம் விடுவிக்கும்போது புரோகிராம் விழும். பிழை போக வேண்டும் என்று டிபக்கை எம்டிக்கு மாற்றிவிடாதீர்கள். லைப்ரரியின் டிபக் பதிப்பைக் கேட்டு வாங்குங்கள்.