சூரியன் ஒளித்துவைத்த ஹைட்ரஜன்

நட்சத்திரத்துக்கு யாருமே போனதில்லை என்னும்போது, அது எதனால் ஆனது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று பள்ளி மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். ஒளியை நிறமாலையாக, அதாவது வானவில் போன்ற நிறப் பட்டையாக, பிரித்துப் பார்த்துத்தான் சொல்கிறோம். சூரிய நிறமாலையின் குறுக்கே நூற்றுக்கணக்கான கருங்கோடுகள் ஓடுவதை 1814ஆம் ஆண்டு ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரான்ஹோஃபர் பதிவு செய்தார். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களை உறிஞ்சுவதால் அக்கோடுகள் தோன்றுகின்றன என்பதை 1859ஆம் ஆண்டு இன்னொரு ஜெர்மானிய இயற்பியலாளர் கிர்க்காஃப் விளக்கினார். பாடநூல்கள் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகின்றன. எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது.

சூரிய நிறமாலையில் இரும்பின் கோடுகள் அடர்ந்து கிடக்கின்றன. கால்சியத்தின் இரண்டு கோடுகள் மற்ற எல்லாவற்றையும்விடத் தடித்திருக்கின்றன. ஹைட்ரஜன் கோடுகளோ அவற்றுக்கு ஈடாக இல்லை. ஆகவே சூரியனும் ஏறக்குறைய பூமியின் பொருள்களாலேயே ஆனது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர்கள் எண்ணியதில் வியப்பில்லை. உண்மையில் சூரியனின் நிறையில் முக்கால் பங்குக்குச் சற்றே குறைவானது ஹைட்ரஜன்தான்.

அவ்வளவு ஹைட்ரஜன் எப்படி மறைந்திருக்கிறது? அணுவின் ஆற்றல் மட்டங்களைப் படிகளாக எண்ணிக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஹைட்ரஜன் உறிஞ்ச வேண்டுமானால், அதன் எலெக்ட்ரான் முன்கூட்டியே இரண்டாம் படியில் நின்றிருக்க வேண்டும். முதல் படியில் இருப்பது புற ஊதாக் கதிரை மட்டுமே உறிஞ்சும். இரண்டாம் படிக்கு ஏற 10.2 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். சூரியப் பரப்பின் வெப்பநிலையான சுமார் 5,800 கெல்வினில் ஏறத்தாழ 20 கோடி ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்றுக்குத்தான் அது வாய்க்கிறது. மிச்சமுள்ள அணுக்கள் அத்தனையும் அங்கேயே இருந்தும் அந்த ஒளிக்கு அகப்படுவதில்லை. கால்சியத்தின் நிலை நேர்மாறானது. அது அந்த வெப்பத்தில் எளிதாக ஓர் எலெக்ட்ரானை இழந்து அயனியாகிறது. அந்த அயனி முதல் படியில் நின்றபடியே 393.4, 396.8 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. எனவே ஹைட்ரஜன் அணுக்கள் சில லட்சத்துக்கு ஒன்று என்ற அளவிலேயே இருக்கும் கால்சியம் நிறமாலையில் ஓங்கி நிற்கிறது.

சுமார் 10,000 கெல்வின் வெப்பமுள்ள சிரியஸ் விண்மீனில், எலெக்ட்ரானை இழக்காத ஹைட்ரஜன் அணுக்களில் ஏறத்தாழ 40,000க்கு ஒன்று இரண்டாம் படியில் இருப்பதால் அங்கே ஹைட்ரஜன் கோடுகள் உச்சம் பெறுகின்றன. இன்னும் சூடான விண்மீன்களில் அணுக்கள் எலெக்ட்ரானையே இழந்துவிடுவதால் அக்கோடுகள் மீண்டும் மெலிகின்றன. சுமார் 3,600 கெல்வினில் செந்நிறமாக ஒளிரும் திருவாதிரையிலோ டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறுகளின் அகன்ற பட்டைகள் நிறமாலையை நிரப்புகின்றன.

எந்த வெப்பநிலையில் எத்தனை அணுக்கள் அயனியாகும் என்பதற்கான சமன்பாட்டை 1920ஆம் ஆண்டு வெளியிட்டவர் நம் நாட்டு இயற்பியலாளர் மேகநாத் சாஹா. அதைக் கொண்டு கணக்கிட்ட வானியலாளர் செசிலியா பெய்ன், 1925ஆம் ஆண்டு தம் முனைவர் பட்ட ஆய்வில், விண்மீன்களில் ஹைட்ரஜன் உலோகங்களைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு மிகுதி என்ற முடிவுக்கு வந்தார். அக்காலத்தின் பெரும் வானியலாளரான ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் அதை ஏற்காததால், அம்முடிவு பெரும்பாலும் உண்மையாக இராது என்று பெய்ன் தம் ஆய்வேட்டிலேயே எழுத வேண்டியதாயிற்று. ரஸ்ஸலே 1929ஆம் ஆண்டு வேறு வழியில் அதே முடிவை அடைந்தார்.

திருவாதிரையை ஜாதகக் கட்டத்தில் மட்டுமே அறிந்தவர்கள் நம்மில் ஏராளம். அந்த விண்மீனின் ஒளியில் படிக்கக் கிடைக்கும் செய்தி எந்தக் கட்டத்திலும் எழுதப்பட்டதைவிடப் பெரிது என்பது என் உறுதியான எண்ணம். மேலே சொன்ன அதே 393.4 நானோமீட்டர் கால்சியம் கோட்டில், கொடைக்கானல் வானாய்வகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சூரியனைப் படமெடுத்து வந்திருக்கிறது. தலைமுறை கடந்த இத்தகைய பதிவுகளை உடனடிப் பயன் என்ன என்று கேட்டு எடைபோடாமல், அவற்றைக் காக்கவும் தொடரவும் அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.